ரோமக் காசை எழுத்துக்கூட்டிப் படிப்பது

எல்லோருக்கும் வணக்கம். ரோமக் காசு ஒன்றைக் கையில் கொடுத்தால் யாராக இருந்தாலும் முதலில் முகத்தைத்தான் பார்ப்போம், மூக்கு எப்படி, தலையில் இலை மாலை இருக்கிறதா, யார் இந்த ஆள் என்று. முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் விளிம்போரமாக ஓடும் எழுத்துகளைப் படியுங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன். லத்தீன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தெரிந்து, பத்துப் பன்னிரண்டு சுருக்கங்கள் மனப்பாடமாக இருந்தால் பாதிக் காசுகளைப் படித்துவிடலாம்.

திரையில் இருப்பது ரோமப் பேரரசர் திபேரியஸின் தெனாரியஸ், அதாவது வெள்ளிக் காசு. அவர் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. கோவை, கரூர் பக்கம் கிடைத்த புதையல்களில் இவர் காசும் இவருக்கு முன் ஆண்ட அகஸ்டஸ் காசும்தான் அதிகம், அதனால் நம் ஆட்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான். சொற்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை பாருங்கள், எல்லாம் ஒரே சங்கிலி. 'யூ' எழுத்தும் கிடையாது, அது வர வேண்டிய இடத்தில் 'வி' நிற்கும். பிரித்துப் படித்தால், 'டி ஐ' என்றால் திபேரியஸ், அடுத்து சீசர், 'டி ஐ வி ஐ' என்றால் தெய்வமாகிவிட்டவருடைய, 'ஏ வி ஜி' அகஸ்டஸ், தனியாக நிற்கும் 'எஃப்' மகன், கடைசியில் முழுசாக அகஸ்டஸ் என்ற பட்டம். ஆக, தெய்வமான அகஸ்டஸின் மகன் திபேரியஸ் சீசர் அகஸ்டஸ். தத்துப்பிள்ளைதான், ஆனால் அதைக் காசில் யார் போடுவார்கள்?

எங்கே தொடங்குவது என்பதுதான் புதியவர்களுக்குத் தலைவலி. பெரும்பாலும் கீழே இடப்பக்கம் தொடங்கி கடிகாரமுள் போல ஓடும், ஆனால் எல்லாக் காசும் அப்படி இல்லை. 'ஏ வி ஜி' எங்கே என்று தேடுங்கள், அநேகமாக எல்லா அரசர் காசிலும் அது இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகருங்கள்.

அடுத்தது பட்டங்கள். நம் ஊர்க் கட்சிப் போஸ்டரில் தலைவர் பெயருக்கு முன்னால் வருஷா வருஷம் ஒரு பட்டம் கூடுமே, அதேதான். 'பி எம்' என்றால் தலைமைப் பூசாரி, பிரதமர் இல்லை. 'டி ஆர் பி' என்றால் மக்கள் சார்பு அதிகாரம், டிவிக்காரர்களின் ரேட்டிங் இல்லை, அது வருடந்தோறும் புதுப்பிக்கப்பட்டதால் பக்கத்தில் எண் இருந்தால் ஆண்டே தெரிந்துவிடும். 'சி ஓ எஸ்' என்றால் கான்சல் என்ற உயர்ந்த ஆட்சிப் பதவி, எத்தனையாவது முறை என்ற எண்ணோடு. பின்னால் வந்த பேரரசர் டிராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். கான்சல் ஐந்து என்றிருந்தால் கி.பி. 103 முதல் 111க்குள், ஆறு என்றிருந்தால் 112க்குப் பிறகு. டேசியா நாட்டை அடக்கியதும் 102இல் அதற்கான 'டி ஏ சி' பட்டம் சேர்ந்தது, 114இல் மிகச் சிறந்தவர் என்ற 'ஆப்டிமோ', 116இல் பார்த்தியா நாட்டை வென்றதற்கான பட்டம். காசில் ஆண்டு அச்சிடவில்லை, ஆனாலும் ஒரு போஸ்டரைப் பார்த்து எந்தத் தேர்தல் என்று சொல்வது போலச் சொல்லிவிடலாம்.

முகத்தை அப்புறம் பார்க்கலாம் என்றேனே, அதற்குச் சாட்சி புதுக்கோட்டைப் புதையல். 1898இல் 501 பொற்காசுகள், அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களுடையவை. பெரும்பாலான காசுகளில் அரசரின் தலை மேலேயே உளியால் ஆழமாக ஒரு வெட்டு, புழக்கத்திலிருந்து எடுக்கத்தான் வெட்டினார்கள் என்று பலர் சொல்கிறார்கள், எப்படியோ முகம் போய்விட்டது. விளிம்பில் மிஞ்சிய எழுத்துகளை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அகஸ்டஸின் பேரன்கள் காயஸும் லூசியஸும் கேடயம், ஈட்டியோடு நிற்கும் தெனாரியஸ் இங்கே நிறையக் கிடைக்கிறது. அதைப் பார்த்து இந்தியாவிலேயே அடித்த போலிகளும் உண்டு. அடித்தவருக்கு எழுத்து தெரியாது, கோடும் வட்டமுமாக ஏதோ வைத்திருப்பார். எவ்வளவு முயன்றும் சொல் கூடவில்லையா, உங்கள் கண்ணைக் குறை சொல்லாதீர்கள், அந்தக் காசு அப்படிப்பட்டதாக இருக்கலாம். எனக்கு அசலைவிட அதுதான் பிடிக்கும்.

தேய்ந்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துக் காசை மெல்லத் திருப்புங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழல் விழுந்து எழும்பும். சரி, மேசையில் சில காசுகள் வைத்திருக்கிறேன். லென்ஸ் இரண்டுதான் இருக்கிறது, வரிசையாக வாருங்கள்.