உப்பளத்தில் தண்ணீர் மட்டுமா ஆவியாகிறது?

நேயர்களுக்கு வணக்கம். தூத்துக்குடி ரோட்டில் போகும்போது உப்பளத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. 1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தானே, அந்த உரிமையில் பேசுகிறேன். கடல் தண்ணீரையோ கிணற்று உவர்நீரையோ தேக்கி, டிகிரி ஏற ஏறப் பாத்தி மாற்றிக்கொண்டே வந்தால், 25 டிகிரி வாக்கில் உப்பு இறங்கும். இந்த டிகிரி சூடு அல்ல, உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே டிகிரி. வெயிலில் தண்ணீர் போகும், மற்றதெல்லாம் பாத்தியிலேயே கிடக்கும் என்றுதான் நினைக்கிறோம். அப்படியில்லை, கார்பனும் போகிறது. அதுவும் ஆள் பார்த்துப் போகிறது!

உப்புத் தண்ணீரில் ஏது கார்பன்? இருக்கிறது. கரைந்த கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் பைகார்பனேட்டாக இருக்கும், நம் வீட்டு ஆப்பச் சோடாவில் இருக்கிற அதே சங்கதி. இந்தக் கார்பனில் இரண்டு ரகம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கார்பன் 12, மிச்சம் கொஞ்சூண்டு கார்பன் 13, அது சற்றுக் கனம். சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல்லுக்கு வயது சொன்னது கார்பன் 14, அது வேறு கதை; அது அழிந்துகொண்டே போகும், இவை இரண்டும் அழியாது.

இப்போது ஜங்ஷன் பக்கம் ஒரு பெட்டிக்கடைக்கு வாருங்கள். லெமன் சோடா கேட்கிறோம். கடைக்காரர் டம்ளரில் எலுமிச்சை பிழிந்து, உப்பைப் போட்டு, கோலியை அமுக்கிச் சோடாவை ஊற்றுகிறார். புஸ்ஸென்று பொங்கி டம்ளர் விளிம்பைத் தாண்டுகிறது, சட்டையில் தெறிக்காமல் குடித்தவன் கெட்டிக்காரன். அந்தப் பொங்கலுக்கு முக்கியக் காரணம் உப்புப் பரலைப் பிடித்துக்கொண்டு குமிழ் கிளம்புவதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உப்பு கரைந்த பிறகும் ஒன்று நடக்கிறது: உப்பு கூடினால் தண்ணீரால் அவ்வளவு வாயுவைப் பிடித்து வைக்க முடியாது. சூடு கூடினாலும் அப்படித்தான். சோடா வெயிலில் நின்றால் சப்பென்று ஆகிவிடும் இல்லையா?

உப்பளத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது, உப்பும் ஏறுகிறது, சூடும் ஏறுகிறது. போதாததற்கு, சோற்றுப்பு இறங்குவதற்கு வெகுமுன்னே சுண்ணாம்பு படிகிறது. இரண்டு பைகார்பனேட் சேர்ந்தால் ஒன்று சுண்ணாம்பாகத் தரையில் உட்காரும், இன்னொன்று வாயுவாகி ஓடிவிடும். அப்படி ஓடுகிற கூட்டத்தில் லேசான 12-க்குத்தான் முந்துகை. திரும்பவும் சொல்கிறேன், லேசானது ஓடுகிறது, கனமானது தங்குகிறது. டிகிரி ஏற ஏற மிச்சக் கார்பன் கனத்துக்கொண்டே போகும்.

எவ்வளவு கனக்கும்? சாக்கடல் உப்புநீர் காயும் பாத்திகளில் அளந்து, ஸ்டில்லர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1985-இல் எழுதினார்கள். ஒரு பொது அளவுகோலைவிடக் கார்பன் 13-இன் விகிதம் ஆயிரத்துக்கு எத்தனை கூடுதல் என்று பார்ப்பார்கள்; சாதாரணக் கடல் தண்ணீரில் இந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து இரண்டுக்குள் நிற்கும். அங்கே பதினாறையும் தாண்டியது. காதுக்குச் சின்ன எண்தான், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும்.

ஏனென்றால், பழைய சுண்ணாம்புப் பாறையில் கார்பன் கனமாக இருந்தால் அந்தக் காலத்தில் உயிர்கள் அமோகமாக இருந்தன என்று எழுதிவிடுவது வழக்கம். செடியும் பாசியும் லேசானதையே விரும்பித் தின்னும், அது மண்ணில் புதைந்தால் கடலில் கனமானது மிஞ்சும், அந்தக் கணக்கு. சரிதான், தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாறை படிந்த இடம் வெறும் காய்ந்த பாத்தியாக இருந்திருந்தால்? உயிரே வேண்டாம், வெயிலும் காற்றும் போதும். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்லி, நண்பர்கள் என்னைக் கண்டாலே நழுவுகிறார்கள்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். பாசியைப் பற்றித் தனியாகப் பேச நினைத்தேன், ஒரே மூச்சில் சொல்கிறேன்: பாத்தித் தரையில் பாசி தடிமனாகப் படர்ந்திருந்தால் எல்லாம் தலைகீழ். அது கார்பனை அவ்வளவு வேகமாக உறிஞ்சுவதால் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும், அங்கேயும் லேசானதுதான் முந்தி நுழையும், தண்ணீர்க் கார்பன் லேசாகிவிடும். ஆகையால் டிகிரி மட்டும் பார்த்தால் பற்றாது, பாத்தித் தரையையும் பார்க்க வேண்டும். வணக்கம்.