பல மரம் கண்ட தச்சர்

நடுவர் அவர்களுக்கும், வெளியே மழை கொட்டினாலும் சாப்பாட்டு வேளை தாண்டியும் நாற்காலியை விட்டு எழாமல் இருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். தொலைக்காட்சி விளையாட்டுத் தொகுப்பாளருக்கு உயர்வு தருவது ஒரு துறையில் ஆழமா, பல துறையில் அனுபவமா? எதிரணித் தலைவர் ஐயா வந்தார், 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்றார், கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நானும்தான் கைதட்டினேன். நல்ல பழமொழிக்குத் தட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் ஐயா, வெட்டுவது தச்சன் வேலை. தொகுப்பாளர் எந்த மரத்தையும் வெட்டுவதில்லை. வெட்டத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'ஏன் இந்தப் பக்கமிருந்து வெட்டினீர்கள்?' என்று நமக்காகக் கேட்கிறார். அவ்வளவுதான் அவர் வேலை, அதுதான் கஷ்டமான வேலையும்.

ஐயா அடுத்து பீட்டர் ஓ'சலவன் பெயரைச் சொன்னார். பெரிய மனிதர். அரை நூற்றாண்டு பிபிசியில் குதிரைப் பந்தயம். 1997-இல் ஓய்வு பெறும்வரை அந்தக் குரல் இல்லாமல் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய பந்தயம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வர்ணனையாளர். நாற்பது குதிரை சேற்றை வாரியடித்துக்கொண்டு ஓடும்போது எந்த நிறச் சட்டை எந்த முதலாளியுடையது என்று ஒரு நொடியில் சொல்ல வேண்டியவர். அவருக்கு ஆழம் வேண்டும், தினம் ஆழம் வேண்டும். நாம் பேசுவது தொகுப்பாளரைப் பற்றி. மாமனாருக்குப் போட வேண்டிய மாலையை மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டீர்களே ஐயா!

தொகுப்பாளர் என்றால் யார் என்று இன்னும் சந்தேகம் இருந்தால் நடுவரைப் பாருங்கள். போன பட்டிமன்றத்தில் மாமியாரா மருமகளா, அதற்கு முந்தினதில் கம்பனில் சிறந்த தம்பி பரதனா இலக்குவனா, இன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சி. ஆறு பேரைப் பேசவிட்டு, நேரம் பார்த்து, சண்டையை விலக்கி, கடைசியில் ஒரு தீர்ப்பும் சொல்கிறார். 'நான் மாமியார் துறையில் மட்டும்தான் நிபுணர்' என்று அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்று நமக்குப் பட்டிமன்றமே இல்லை. (நடுவர் சிரிக்கிறார். தீர்ப்பு எழுதும்போதும் இந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கட்டும்.)

பிரிட்டனில் இந்த வேலை பிறந்த விதமே அப்படி. 1958 அக்டோபரில் பிபிசி 'கிராண்ட்ஸ்டாண்ட்' என்ற சனிக்கிழமை நிகழ்ச்சியைத் தொடங்கியது. மதியம் தொடங்கி மாலைவரை நேரலை. குதிரைப் பந்தயத்துக்குப் போவார்கள், ரக்பிக்குப் போவார்கள், நடுவில் எங்காவது மழை பெய்தால் வேறு ஊருக்குத் தாவுவார்கள், சாயங்காலம் கால்பந்து முடிவுகள் வரிசையாக வந்து விழும். 2007 வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு நடந்தது. அந்த நாற்காலியில் ஒற்றைத் துறைக்காரர் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் வியர்த்துவிடும்.

அந்த நாற்காலியில் நெடுங்காலம் இருந்தவர் டேவிட் கோல்மன். 1972, மியூனிக் ஒலிம்பிக். செப்டம்பர் 5 அதிகாலையில் ஆயுததாரிகள் இஸ்ரேலிய அணியின் அறைகளுக்குள் புகுந்தார்கள். முடிவில் 11 இஸ்ரேலியர்கள் உயிரிழந்தார்கள். ஓட்டப் பந்தயத்தையும் கால்பந்தையும் பற்றிப் பேச வந்தவர், அன்று மணிக்கணக்காக நேரலையில் ஒரு பணயக்கைதி நெருக்கடியை நாட்டுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அப்போது அவரிடம் 'உங்கள் துறை எது?' என்று யார் கேட்டார்கள்?

சரி, பழைய கதை போதும். இன்று என் கட்சிக்காரர் ஒருவர்தான். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் விளையாட்டுத் தொகுப்பாளர் கிளேர் பால்டிங்.

லண்டனில், ஹாரோவில் என் சித்தி இருக்கிறார். இங்கிலீஷ் அரைகுறை, தொலைக்காட்சி முழுநேரம். அவருக்கு கிளேர் பால்டிங் என்ற பெயர் வாயில் வராது. 'நாய்க்காரம்மா' என்றுதான் சொல்வார். க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் பார்த்த பழக்கம். ஒரு ஜூலை மாதம் விம்பிள்டன் போட்டுக்கொண்டிருந்தார். 'என்னடா இது, நாய்க்காரம்மா டென்னிஸுக்கு வந்துட்டாங்க!' என்றார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் பேசறாங்க' என்று முடித்துவிட்டார். எதிரணி ஒரு மணி நேரம் பேசியதற்கு என் சித்தி இரண்டே சொல்லில் பதில் சொல்லிவிட்டார் என்பது என் எண்ணம். இருந்தாலும் எனக்குக் கொடுத்த நேரத்தை நான் பேசித்தானே ஆக வேண்டும்.

இந்த அம்மாவுக்கு ஆழமே இல்லை என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஒரு கல் எறிந்தார். அம்மா, 1971-இல் இவர் பிறந்த அதே ஆண்டில், இவருடைய தந்தை இயான் பால்டிங் பயிற்சி கொடுத்த மில் ரீஃப் என்ற குதிரை இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை வென்றது, பாரிஸ் போய் ஆர்க் பந்தயத்தையும் வென்றது. ஹாம்ப்ஷயரில் கிங்ஸ்க்ளியர் என்ற ஊரில் குதிரை லாயத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. எலிசபெத் அரசியின் குதிரைகள் நின்ற லாயம் அது. இவரும் பந்தயத்தில் ஏறி ஓட்டி, 1990-இல் அமெச்சூர் பெண் ஜாக்கிகளில் சாம்பியன் ஆனார். 2003-இல் தம்பி ஆண்ட்ரூ பயிற்சி கொடுத்த குதிரை ஓக்ஸ் பந்தயத்தை வென்றபோது, மைக்கோடு போய் அந்தத் தம்பியைப் பேட்டி எடுக்க வேண்டியவர் இந்த அக்காதான். தம்பிக்கும் தொண்டை அடைத்தது, அக்காவுக்கும் அடைத்தது. ஆழம் என்றால் இதற்கு மேல் எங்கே போய்த் தோண்டுவது? கிணறு அவருக்கு உண்டு அம்மா. ஆனால் கிணற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க அவர் சம்மதிக்கவில்லை.

கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார், அங்கே விவாத மன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தார். நம்ம ஆள்தான், பட்டிமன்றக் கேஸ்! 1994-இல் பிபிசி வானொலிக்குப் பயிற்சிக்கு வந்தார். 1997 முடிவதற்குள் பிபிசி குதிரைப் பந்தயத்தின் முதன்மைத் தொகுப்பாளர். அங்கேயே நின்றிருந்தால் எதிரணிக்கு இன்று உதாரணமாகக் கிடைத்திருப்பார். நிற்கவில்லை. கோடைக்கால ஒலிம்பிக், பனிக்கால ஒலிம்பிக், பாராலிம்பிக், படகுப் போட்டி, ரக்பி லீக். அந்த ரக்பி லீக் இங்கிலாந்தின் வடக்கே சுரங்க ஊர்களிலும் ஆலை ஊர்களிலும் வேர் விட்ட ஆட்டம். அதற்குத் தெற்கத்திக் குதிரைக்காரர் வீட்டுப் பெண் வந்து என்ன சொல்லப்போகிறார் என்று முணுமுணுக்க இடம் இருந்தது. அந்த விளையாட்டின் நிர்வாக அமைப்பே 2020-இல் அவரைத் தன் தலைவர் ஆக்கியது. வடக்கத்திக்காரர்கள் முகஸ்துதிக்குப் பேர் போனவர்கள் இல்லை என்பது இங்கே லீட்ஸிலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இப்போது நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்பும் இடம் வருகிறது.

2012 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக் நீச்சல் குளம். ஆண்கள் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சல் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் முன்னால் போகிறார். கடைசி ஒரு கை வீச்சில் கொஞ்சம் மிதந்து போய்ச் சுவரைத் தொடுகிறார். அந்த மிதப்பு போதும், தென்னாப்பிரிக்காவின் சாட் லே க்லோஸ் என்ற இருபது வயதுப் பையன் 0.05 நொடி முந்தித் தொட்டுவிடுகிறான். அந்தப் பையனுக்கே நம்பிக்கை வரவில்லை.

குளத்தோரம் பிபிசி மேடை. அங்கே கிளேர். கூட யார்? முன்னாள் நீச்சல் வீரர்கள் மார்க் ஃபாஸ்டர், இயான் தார்ப். தார்ப் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். ஆழத்துக்குப் பஞ்சமே இல்லை, மேடை முழுக்க ஆழம். அப்போது பையனுடைய அப்பா பெர்ட்டை அழைத்து வருகிறார்கள். பெரிய உருவம், சட்டைக்குள் அடங்காத சந்தோஷம். மைக் முன்னால் நின்று பழக்கமே இல்லை. 'நம்ப முடியவில்லை, நம்ப முடியவில்லை' என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. திரையில் மகன் முகம் தெரிந்ததும் பேட்டியை மறந்துவிட்டு, பாருங்கள் எவ்வளவு அழகாக இருக்கிறான் என்று திரையைப் பார்த்துக் கொஞ்சுகிறார். உலகத்துக்கே தெரிகிற நேரலை!

அந்த இடத்தில் நீச்சல் நிபுணத்துவம் என்ன செய்யும்? கடைசி 50 மீட்டரில் கால் உதை எத்தனை என்று கேட்கும். அந்த அப்பா முழித்திருப்பார். கிளேர் அவரை அவசரப்படுத்தவில்லை, திருத்தவில்லை, அடுத்த கேள்வியைத் திணிக்கவில்லை. சேர்ந்து சிரித்தார், ஒரு சின்னக் கேள்வி போட்டார், மனிதரை ஓடவிட்டார். பதக்கப் பட்டியல் மறந்துபோனவர்களுக்கும் இன்று அந்த அப்பா ஞாபகம் இருக்கிறார்.

இதை எங்கே கற்றுக்கொண்டார்? நீச்சல் குளத்தில் இல்லை நடுவர் அவர்களே. க்ரஃப்ட்ஸில்! தான் வளர்த்த நாய் பரிசு வாங்கிவிட்டது என்று அழுதுகொண்டு ஓடி வரும் சாதாரண மனிதர்களிடம் வருஷக்கணக்கில் மைக் நீட்டியவர். அப்புறம் 1999 முதல் ரேடியோ 4-இல் 'ராம்ப்ளிங்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி. விருந்தாளியோடு வயலிலும் மலையிலும் நடந்துகொண்டே பேசுவது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும், வேலிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்காதவர்கள், பக்கத்தில் நடந்தால் மனசைத் திறப்பார்கள். நம் வீட்டில் அப்பாவோடு பேச வேண்டியதை எல்லாம் கடைக்கு நடக்கும் வழியில்தானே பேசியிருக்கிறோம்? நாயும் நடையும் கொடுத்த பயிற்சி, குளத்தோரத்தில் கைகொடுத்தது. அடுத்த மாதமே போட்டிச் சேனலான சேனல் 4-இல் பாராலிம்பிக் தொகுத்தார். அந்தக் கோடைக்குப் பிறகுதான் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. 2013-இல் பிரிட்டிஷ் திரை, தொலைக்காட்சித் துறையின் பாஃப்டா சிறப்பு விருது.

'அகலக் கால் வைத்தால் வழுக்கும்' என்றார் இரண்டாம் பேச்சாளர். வழுக்கினார்தான், மறைக்கவில்லை. 2009 கிராண்ட் நேஷனல். வெல்லவே வெல்லாது, ஒன்று கட்டினால் நூறு என்று பந்தயத்தில் விலை போட்ட மோன் மோம் என்ற குதிரை வென்றது. ஓட்டி வந்த ஜாக்கியிடம், வாழ்நாள் வெற்றியோடு நின்றவரிடம், உங்கள் பல்லைக் காட்டுங்கள், இனி பல்லைச் சரிசெய்துகொள்ளலாமே என்கிற மாதிரிப் பேசிவிட்டார். அபத்தம். பார்த்தவர்கள் கொதித்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். நானும் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? வழுக்கியது எங்கே? தெரியாத நீச்சல் குளத்தில் இல்லை. புதிதாகப் போன ரக்பி மைதானத்தில் இல்லை. பிறந்து வளர்ந்த குதிரைப் பந்தயத்தில்! எதிரணி தலையில் வைத்துக் கூத்தாடுகிற அதே ஆழத்தில்! எல்லாரையும் தெரியும், எல்லாம் நம்ம வீடு என்ற இடத்தில்தான் நாக்கு உரிமை எடுத்துக்கொள்கிறது. நாம் கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பையனிடம் 'என்னடா முடி கொட்டிப்போச்சு' என்று கேட்கிறோமே, அந்த உரிமை. புது இடத்தில் நாம் எவ்வளவு மரியாதையாக இருக்கிறோம்!

இன்னொரு தடவை விம்பிள்டனில் சறுக்கல். 2015-இல் இரவுத் தொகுப்பு நிகழ்ச்சியின் பெயரையும் மாற்றி, விருந்துக் கச்சேரி மாதிரி ஆக்கி இவரிடம் கொடுத்தார்கள். டென்னிஸ் பார்க்க வந்தவர்களுக்கு எரிச்சல். அடுத்த வருஷமே பழைய பெயருக்குத் திரும்பினார்கள். ஆனால் அதுவரை பிபிசியில் விம்பிள்டனைத் தொகுத்த சூ பார்க்கர் 2022-இல் விடைபெற்றதும், 2023-இலிருந்து விம்பிள்டனின் முதன்மை நாற்காலி யாருக்கு? சூ பார்க்கர் 1976-இல் பிரெஞ்சு ஓபன் வென்றவர். அவருக்கு அடுத்து இன்னொரு டென்னிஸ் சாம்பியனைத்தான் வைக்க வேண்டும் என்று பிபிசி நினைக்கவில்லை. என் சித்தியின் நாய்க்காரம்மாவைத்தான் வைத்தது.

எதிரணி சொன்னதில் ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. ஒரே ஆள் நாயும் குதிரையும் டென்னிஸும் புத்தகமும் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால், வாசலில் காத்திருக்கும் அடுத்த பெண்ணுக்கு என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது நாற்காலியைக் கொடுப்பவர்களிடம் கேட்க வேண்டியது. பல துறை அனுபவம் வீண் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே நிமிடம். எனக்குப் பிறகு எதிரணியிலிருந்து வரப்போகும் நண்பருக்கு ஒரு கேள்வி. அந்த ஜூலை இரவு, அந்தக் குளத்தோரம், கிளேரை எழுப்பிவிட்டு உங்கள் ஒற்றைத் துறை நிபுணரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்ட் வருகிறார், கண் கலங்கியிருக்கிறார், திரையில் மகன் சிரிக்கிறான். உங்கள் நிபுணர் முதலில் என்ன கேட்பார்? அதைச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். வணக்கம்.