அடிமைகளுக்கு மறைத்த வேதம்

[திரையில்: பழைய வேதாகமம் ஒன்று. வழக்கத்தைவிட மெலிந்திருக்கிறது.]

1807-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டிஷாருக்கு உழைத்த கறுப்பின அடிமைகளுக்காகவே தயாரிக்கப்பட்டது. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். இதில் இருந்தவை 232.

மீதி எங்கே போயின?

யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதையை விட்டுவைத்தார்கள். அவனுடைய ஜனத்தை மோசே எகிப்திலிருந்து மீட்டுவந்த கதையை எடுத்துவிட்டார்கள். சங்கீதம் முழுவதும் இல்லை. மனிதனைத் திருடி விற்கிறவனுக்கு மரண தண்டனை என்று சொல்லும் வசனம் இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற கலாத்தியர் வசனமும் இல்லை. "எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்பது மட்டும் பத்திரமாக இருந்தது.

இந்தப் புத்தகத்தைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு வேறொன்று உறைத்தது. எந்தப் பக்கம் தங்கள் அதிகாரத்தை அசைக்கும் என்று வெட்டியவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

[திரையில்: ஜமைக்கா, 1831]

அவர்கள் பயந்தது நடந்தது. சாம் ஷார்ப் என்ற அடிமை, பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். அவருக்கு வாசிக்கத் தெரியும். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் உடைமையாக்கிக்கொள்ள வேதத்தில் உரிமை இல்லை என்று மற்ற அடிமைகளுக்குப் போதித்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி கொடுக்காமல் யாரும் தோட்டத்தில் இறங்குவதில்லை என்பதுதான் அவருடைய திட்டம். அது பெரும் கிளர்ச்சியாக வெடித்தது. 300-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1832 மே மாதம் ஷார்ப்பையும் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது.

இதை ஏன் இன்று சொல்கிறேன்? கத்தரிக்கோல் இன்னும் கீழே வைக்கப்படவில்லை. இப்போது அது சில வீடுகளுக்குள் இருக்கிறது. வருந்தத்தக்க விதமாக, சில சபைகளிலும் இருக்கிறது.

அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணிடம், "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்கிறார்கள். அதற்கு முந்தின வசனம் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. சற்றுத் தள்ளி, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் மனைவியை நேசி என்று கணவனுக்குக் கட்டளை இருக்கிறது. கை ஓங்குகிறவன் அதை எங்கே வைத்து வாசிப்பான்? "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்று விவாகரத்தைப் பற்றிச் சொல்லும் மல்கியா வசனமும் அப்படித்தான். அதே வாக்கியம் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனையும் கண்டிக்கிறது. அந்தப் பாதியைப் பிரசங்கத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

ஓரேப் மலையில் கர்த்தர் மோசேயிடம் சொன்னதைக் கவனியுங்கள். எகிப்தில் அடிமை வேலை வாங்கிய ஆளோட்டிகளினிமித்தம் தம் ஜனங்கள் இட்ட கூக்குரலைக் கேட்டேன், அவர்கள் வேதனைகளை அறிந்திருக்கிறேன் என்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை. வெளியே அழைத்துவந்தார். நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு எழுந்து, தாம் வந்த காரியமாக வாசித்ததும் "நொறுங்குண்டவர்களை விடுதலையாக்க" என்பதைத்தான்.

[திரையில்: குகை ஒன்றின் வாசல்]

"ஆனால் மன்னிக்க வேண்டுமே, மன்னித்தால் திரும்பிப் போகத்தானே வேண்டும்?" பாதிக்கப்பட்டவர்களை அதிகம் வதைக்கும் கேள்வி இது. தாவீதைப் பாருங்கள். சவுல் ராஜா அவன்மேல் ஈட்டியை எறிந்தான். தாவீது விலகித் தப்பினான். அவனுக்கு விசுவாசம் குறைவு என்று வேதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. குகையில் சவுல் கைக்கெட்டும் தூரத்தில் அகப்பட்டபோதும் அவனைக் கொல்லவில்லை. பிறகொரு இரவு, தூங்கிக்கொண்டிருந்த சவுலின் தலைமாட்டிலிருந்து ஈட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு விலகினான். அப்போது சவுலே, "என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யேன்" என்று அழைத்தான்.

தாவீது ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தான். சவுலோடு போகவில்லை. பெலிஸ்தரின் நாட்டுக்குப் போய், அங்கே ஒரு வருஷமும் நாலு மாதமும் குடியிருந்தான். சவுல் போர்க்களத்தில் இறந்த செய்தி வந்தபோது தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, சாயங்காலமட்டும் உபவாசித்து அவனுக்காக அழுதான்.