பால்வாடி பூட்டியிருந்தப்போ வீட்டுக்கு எது வந்துச்சு, எது வரல?

வணக்கம் மக்களே. மேசை மேல மூணு பொருள் வச்சிருக்கேன், பாருங்க. ஒரு கிண்ணத்துல அரிசி, சரியா 80 கிராம் நிறுத்து வச்சது. பக்கத்துல ஒரு முட்டை. அப்புறம் இந்த நாடா, சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மூணு கலர் போட்டது. கொரோனா காலத்துல பால்வாடி எப்படி ஓடுச்சுங்கறத இந்த மூணை வச்சே பேசிடலாம்.

அங்கன்வாடின்னு போர்டுல எழுதியிருக்கும், ஊர்ல பால்வாடின்னுதான் சொல்லுவோம். அப்போ தமிழ்நாட்டுல மொத்தம் 54,439 மையம். அதுல 4,940 குறு மையம். 2020 மார்ச் நடுவுல எல்லாத்துக்கும் பூட்டு. மார்ச் 18ஆம் தேதியே உச்ச நீதிமன்றம் தானா முன்வந்து, "மையத்தை மூடிட்டீங்க, சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?"ன்னு எல்லா மாநிலத்தையும் கேட்டுச்சு. ஏன் கேட்டாங்கன்னா, இது யாரோ மனசு வச்சுக் குடுக்கற சாப்பாடு இல்ல. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு: 6 மாசத்துலருந்து 6 வயசு வரைக்கும் குழந்தைங்க, கர்ப்பிணிங்க, பாலூட்டுற அம்மாங்க எல்லாருக்கும் உரிமை. சாப்பாடு குடுக்க முடியலன்னா அதுக்குப் பதிலா உதவித்தொகை தரணும்னும் அதே சட்டம் சொல்லுது. இதை மனசுல வச்சுக்கங்க. அடுத்த தடவை ஏதாவது காரணத்துக்கு மையம் மூடினா, "எங்களுக்கு என்ன வரும்?"னு கூச்சப்படாம கேக்கலாம்.

சரி, அரிசிக்கு வருவோம். 2 வயசுக்கு மேல உள்ள குழந்தைக்கு மதிய சாப்பாட்டுக் கணக்கு ஒரு நாளைக்கு 80 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு. வருஷத்துக்கு 300 நாள், அதாவது மாசம் 25 நாள். பெருக்கிப் பாருங்க: 2 கிலோ அரிசி, கால் கிலோ பருப்பு. மையம் மூடினதும் சமைச்ச சோறு உலர் ரேஷனா மாறுச்சு. கணக்குப்படி ஒரு கிராம் கூடக் குறையல. ஆனா நாலு பேர் இருக்கற வீட்டுல 2 கிலோ அரிசி எத்தனை நாள் தாங்கும்? ரெண்டு நாள். குழந்தையோட 25 நாள் பங்கு ரெண்டு நாள்ல குடும்பப் பானையில கரைஞ்சிடும். இதுல அம்மா மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. வேலைக்குப் போக முடியாத வீட்டுல ஒரு புள்ளைக்கு மட்டும் தனிச் சோறு யாரும் வடிக்க மாட்டாங்க, வடிக்கவும் முடியாது.

அதனாலதான் இந்த முட்டை முக்கியம். அப்போ சட்டத்துல இருந்த அளவு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12லருந்து 15 கிராம் புரதம். 80 கிராம் அரிசியும் 10 கிராம் பருப்பும் சேர்ந்தா புரதம் சுமாரா 8 கிராம்தான் வரும். ஒரு முட்டையில 6 கிராம். முட்டை போடற அன்னைக்குத்தான் மதியச் சாப்பாடு மட்டுமே அந்தப் புரத அளவைத் தொடும். 2 வயசுக்கு மேல வாரத்துக்கு 3 முட்டைங்கறது நம்ம ஊர்க் கணக்கு. இன்னொரு விஷயம், அரிசியைப் பங்கு பிரிக்க முடியாது, முட்டையை எண்ண முடியும். "இது பாப்பா முட்டை"ன்னு சொல்லலாம். "இது பாப்பா அரிசி"ன்னு யாரும் சொல்றதில்ல.

ஆனா முட்டையை எப்படிக் குடுக்கறோம்ங்கறதுல எல்லாமே இருக்கு. மாசத்துக்கு 12 முட்டையை ஒரே தடவையா கையில குடுத்தா ரெண்டு விதமாப் போகும். ஒண்ணு, மூணே நாள்ல எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிடுவாங்க. இல்ல, ஏப்ரல் மே வெயில்ல ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுல கெட்டுப் போகும். வாரம் மூணு மூணா குடுத்தா பணியாளருக்கு நடை அதிகம், ஆனா முட்டை குழந்தை வயித்துக்குள்ள போகும். என்னைக் கேட்டா அந்த நடையைத்தான் மிச்சப்படுத்தக் கூடாது, ஏன்னு பின்னாடி சொல்றேன். வீட்டுல மிச்சம் இருக்கற முட்டை சந்தேகமா இருந்தா ஒரு பாத்திரத் தண்ணியில போடுங்க. அடியில படுத்துக்கிச்சுன்னா புதுசு. அடியில நட்டுக்க நின்னுச்சுன்னா பழசு, இன்னைக்கே நல்லா வேக வச்சு, உரிச்சு மோந்து பாத்துட்டுக் குடுங்க. மிதந்தா குப்பைக்கு.

அடுத்து சத்துமாவு. கோதுமை, கேழ்வரகு, கடலை மாவு, வெல்லம் எல்லாம் வறுத்து அரைச்சு வர்றது, 6 மாசத்துலருந்து 3 வயசுப் புள்ளைங்களுக்கும் கர்ப்பிணிங்களுக்கும் வீட்டுக்கே குடுக்கறது. இது முன்னாடியே வீட்டுக்குப் போற பொருள்ங்கறதால மையம் மூடினப்போ இந்த வழி மட்டும் புதுசா உருவாக்க வேண்டியிருக்கல. இங்க தப்பு நடக்கறது வீட்டுலதான். ஒண்ணு, பாக்கெட்டை வெட்டிட்டு அப்படியே மடிச்சு வைக்கறது. உள்ள வெல்லம் இருக்கு, ஈரத்தை இழுத்துக் கட்டியாகி வண்டு வைக்கும். மூடி இறுகற டப்பால கொட்டி, காஞ்ச ஸ்பூன் போட்டு வைங்க. ரெண்டாவது, புள்ள குடிக்கணும்னு தண்ணி மாதிரி கரைக்கறது. குழந்தையோட வயிறு இத்தூண்டு, தண்ணியாக் குடிச்சா வயிறு ரொம்பிடும், சத்து போகாது. பதம் எப்படி இருக்கணும்னா, ஸ்பூன்ல எடுத்துச் சாய்ச்சா ஒழுகி ஓடாம நிக்கணும். அதுல அரை டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விடுங்க. 6லருந்து 8 மாசம் வரைக்கும் நாளைக்கு 2, 3 வேளை, 9 மாசம் ஆனப்புறம் 3, 4 வேளை. தாய்ப்பால் 2 வயசு வரைக்கும் கூடவே ஓடணும்.

இப்போ பொருள் போய்ச் சேர்ற கதை. பேரு எந்த மையத்துல பதிஞ்சிருக்கோ அங்கதான் ரேஷன். சாதாரண நாள்ல இது பிரச்சனை இல்ல. ஊரடங்குல யார் மாட்டினாங்க? வளைகாப்பு முடிஞ்சு தாய்வீட்டுக்குப் போன பொண்ணுங்க. பதிவு புருஷன் ஊர்ல, ஆளு அம்மா ஊர்ல, நடுவுல பஸ் இல்ல. அதே மாதிரி செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த குடும்பங்க. இதுக்கு ஒரே வழி, எந்த மையத்துக்குப் பக்கத்துல இருக்காங்களோ அங்கயே தற்காலிகமாப் பேர் எழுதறது. தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது ரெண்டு விஷயம் கையில இருக்கட்டும்: தாய் சேய் பாதுகாப்பு அட்டை, கர்ப்பத்தைப் பதியும்போது குடுக்கற பிக்மி நம்பர், அது 12 இலக்கம். ஃபோன்லயும் ஒரு போட்டோ எடுத்து வைங்க. இது ரெண்டும் இருந்தா அந்த ஊர் டீச்சரும் நர்ஸம்மாவும் உங்களை யாருன்னு விசாரிக்க வேண்டியதே இல்ல, பழைய மையத்துக்கு ஒரு ஃபோன் போட்டா முடிஞ்சுது.

ஆக, அரிசி வீட்டுக்கு வந்துச்சு, முட்டை வந்துச்சு, மாவு வந்துச்சு. வராதது என்ன தெரியுமா? தராசு. மாசாமாசம் குழந்தையைத் தொட்டில் மாதிரி துணியில உக்கார வச்சு எடை போட்டு அட்டையில புள்ளி வைப்பாங்களே, அது நின்னு போச்சு. ஒரே துணியில அடுத்தடுத்து குழந்தைங்க உக்காரணும், கூட்டம் சேரும், நிறுத்தினது நியாயம்தான். ஆனா எடை போடறது சும்மா பதிவேட்டுக்கு இல்ல. வீட்டுல தினம் பாக்கற கண்ணுக்குக் குழந்தை மெலியறது தெரியாது. தராசுக்குத் தெரியும். முட்டை குடுக்க வாரா வாரம் வாசலுக்கு வந்து "பாப்பா எங்க, தூக்கிட்டு வாங்க பாக்கலாம்"ங்கற டீச்சர் கண்ணுக்கும் தெரியும். அந்த நடையை மிச்சப்படுத்தக் கூடாதுன்னு சொன்னது இதுக்குத்தான்.

எடை போட முடியாத காலத்துக்குத்தான் இந்த நாடா. மேல் கையோட சுத்தளவு. 6 மாசம் முடிஞ்ச குழந்தையிலருந்து 5 வயசு நிறையற வரைக்கும் பயன்படுத்தலாம். பல நாடுகள்ல அம்மாக்களுக்கே இதைக் கத்துக் குடுத்திருக்காங்க, நல்லாவே பண்றாங்க. பண்ணிக் காட்டறேன், இந்த பொம்மை கையைப் பாருங்க.

இடது கை. சட்டைக் கையை முழுசா மேல ஏத்துங்க, துணி மேல அளக்காதீங்க. முதல்ல கையை முழங்கையில மடக்கி, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவுல ஒரு பேனாப் புள்ளி. இப்போ கையைத் தொங்க விடுங்க. மடக்கியே அளந்தா சதை புடைச்சு அளவு கூடிடும், ரொம்பப் பேர் பண்ற தப்பு இதுதான். நாடாவைப் புள்ளி மேல சுத்தி, துவாரத்துல நுழைச்சு இழுங்க. தோல்ல ஒட்டணும், அழுத்தக் கூடாது. தோல் சுருங்கினா இறுக்கம், நாடாவுக்கும் தோலுக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா லூசு. 12.5 சென்டிமீட்டருக்கு மேல பச்சை. 11.5லருந்து 12.5க்குள்ள மஞ்சள், டீச்சர்கிட்டச் சொல்லி அடுத்த வாரமே திரும்ப அளங்க. 11.5க்குக் கீழ சிவப்பு, அன்னைக்கே நர்ஸம்மாவுக்கு ஃபோன், அரசு ஆஸ்பத்திரி. கூடவே ரெண்டு பாதத்து மேலயும் கட்டைவிரலால 3 செகண்ட் அழுத்திப் பாருங்க. ரெண்டு கால்லயும் குழி விழுந்து அப்படியே நின்னா அது வீக்கம். அப்போ நாடா பச்சை காட்டினாலும் ஆஸ்பத்திரிதான்.

ஆனா இந்த நாடா தராசுக்கு மாற்று இல்ல. உயரத்துக்கு ஏத்த எடை இல்லாத சில குழந்தைங்களுக்குக் கை பச்சையிலயே இருக்கும். அதனால மையம் திறந்த முதல் வாரமே எடையும் உயரமும் எடுத்தாகணும்.

படிப்பு பத்தி ரெண்டு வார்த்தை. கேரளாவுல அங்கன்வாடிக் குழந்தைங்களுக்குன்னே விக்டர்ஸ் சேனல்ல 'கிளிக்கொஞ்சல்'னு நிகழ்ச்சி போட்டாங்க. மத்தபடி எல்லா ஊர்லயும் வாட்ஸப்தான். வீட்டுல ஒரே ஃபோன், அதுவும் அப்பா சட்டைப் பையில வேலைக்குப் போயிடும். அதனால பெரிய வீடியோவை விட ரெண்டு நிமிஷ ஆடியோ நல்லது. டேட்டா தின்னாது, ராத்திரி அப்பா வந்தப்புறம் கேட்டாலும் ஆச்சு, குழந்தை திரையை முறைச்சுக்கிட்டு உக்காராது. 2லருந்து 4 வயசு வரைக்கும் திரை நேரம் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லியிருக்கு. நம்ம பால்வாடிப் பாடத்திட்டத்தோட பேரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. புளியங்கொட்டையை அஞ்சஞ்சா பிரிக்கறது, கோலப் புள்ளியை எண்ணறது, துவைச்ச துணியை யாரோடதுன்னு அடுக்கறது, 20 நிமிஷம் போதும். 3 வயசுக்குக் கீழ தம்பி தங்கச்சி இருந்தா புளியங்கொட்டை வேண்டாம், தொண்டையில அடைக்கும். அதை விட்டுட்டு மூணு வயசுப் புள்ளை கையில பலப்பத்தைத் திணிச்சு 'அ' எழுதுன்னு உக்கார வைக்கற பழக்கம் அந்த ரெண்டு வருஷத்துல நல்லா வளர்ந்துச்சு. விரல் எலும்பே இன்னும் முத்தல, என்ன அவசரம்?

2021 ஜனவரி 13, கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளிய இருக்கற மையங்களை அந்த மாசக் கடைசிக்குள்ள திறங்கன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. நம்ம ஊர்ல இரண்டாவது அலை எல்லாம் அடங்கி, அந்த வருஷம் செப்டம்பர்லதான் மதியச் சாப்பாட்டுக்குன்னு மட்டும் திறந்தாங்க. சாப்பாட்டை முதல்ல திறந்தது சரியான வரிசைன்னுதான் சொல்லுவேன், பானை தனியா இருந்தாத்தான் பங்கு தனியா இருக்கும்.

மாசக்கணக்குல பூட்டிக் கிடந்த மையத்தைத் திறக்கும்போது மாஸ்க், சானிடைசர்னு ஆரம்பிக்காதீங்க. 5 வயசுக்குக் கீழ மாஸ்க்கே தேவையில்லன்னுதான் கொரோனா அப்பவே சுகாதாரத் துறை வழிகாட்டல் சொல்லுச்சு. முதல்ல தண்ணித் தொட்டியைக் காலி பண்ணித் தேய்ச்சுக் கழுவுங்க. பழைய ஸ்டாக்ல மிச்ச மாவு இருந்தா தேதி பாருங்க. கேஸ் ட்யூப் வெடிச்சிருக்கான்னு பாருங்க. எதிரெதிர் ஜன்னல் ரெண்டும் திறக்குதா? எலி வராம இருக்க வலை அடிச்சு ஒரு ஜன்னலை ஆணி அடிச்சு வச்சிருந்தா காத்தே ஓடாது. சோப்பு கைக்கு எட்டற உயரத்துல, ரெண்டு பந்தியா சாப்பாடு.

அப்புறம் தடுப்பூசி. தட்டம்மை ரூபெல்லா ரெண்டாவது டோஸும், முத்தடுப்பு பூஸ்டரும் 16லருந்து 24 மாசத்துக்குள்ள. விட்டுப் போச்சுன்னா முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, விட்ட இடத்துலருந்து தொடரலாம். 6 மாசத்துக்கு ஒரு தடவை குடுக்கற வைட்டமின் ஏ சொட்டு எத்தனை விட்டுருக்குன்னு அட்டையில தெரியும், எடுத்துட்டுப் போங்க.

டீச்சருங்களுக்கு ஒண்ணு. மையம் திறந்ததும் முதல் எடை போட்டுப் புள்ளி வைக்கறீங்க இல்ல, பழைய புள்ளி மூடறதுக்கு முந்தின மாசத்துல இருக்கும், கொரோனா அப்போ 2020 பிப்ரவரியில இருந்த மாதிரி. ரெண்டையும் ஸ்கேல் வச்சுக் கோடு இழுத்துச் சேர்த்துடாதீங்க. கோடு போட்டா நடுவுல குழந்தை சீராத்தான் வளர்ந்துச்சுன்னு அட்டை சொல்லும். அப்படியே காலியா விடுங்க. அம்மா நாடாவுல அளந்து காலண்டர்ல எழுதி வச்சிருந்தா, அந்த நம்பரை அட்டை ஓரத்துல தேதியோட குறிச்சு வைங்க.