கருப்பு முகம் சாம்பலாகக் கூடாது: கண்ணகி நகரில் போர்ட்ரெய்ட் எடுக்கிறவர்களுக்கு

[காட்சி: குடியிருப்பு பிளாக், மாடி வராண்டா, காலை 8 மணி]

சென்னைக்குள்ள குடிசைகள்ல இருந்தவங்களை 2000-லேர்ந்து கொண்டுவந்து குடியேத்தின இடம், ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இருக்கிற கண்ணகி நகர். இங்க கேமராவை ஆட்டோ மோடுல விட்டா கெடுறது முகம்தான்.

கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்குற மீட்டருக்கு ஆள் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலா மாத்தப் பார்க்கும். கருப்பு முகம் ஃப்ரேமை நிறைச்சா, வெளிச்சத்தை ஏத்தித் தோலை வெளிறடிச்சிடும். அதே முகத்துக்குப் பின்னால வெயில் இருந்தா, கண்ணே தெரியாது.

ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்குற முறை) வெச்சு, வெளிச்சம் விழுற கன்னத்துல அளவெடுங்க. மாநிறம்னா அந்த அளவு போதும். நல்ல கருப்புன்னா 0.7-லேர்ந்து 1 ஸ்டாப் இறக்குங்க (1 ஸ்டாப் இறக்கினா வெளிச்சம் பாதியாகும்). கேமரா பதிஞ்சதை அப்படியே சேமிக்கிற ரா ஃபைல்ல எடுங்க, வெள்ளைச் சட்டை கொஞ்சம் வெளுத்தாலும் மீட்கலாம்.

[காட்சி: வராண்டா முனை, ஸ்டூலில் ஒரு பாட்டி]

வராண்டா திறக்குற இடத்துலேர்ந்து 3 அடி உள்ளே உட்கார வைங்க. முகம் வெளிச்சத்துப் பக்கம் சாய்வா இருக்கட்டும். மறுபக்கம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் அட்டை. கருப்புத் தோலுக்கு உருவம் கொடுக்கறது, இந்த வெளிச்சம் தோல்மேல விடுற பரந்த மினுமினுப்புதான். நேரடி ஃப்ளாஷ் அடிச்சா, நம்ம ஊர் வியர்வையில நெத்தியிலயும் மூக்குலயும் வெள்ளைத் திட்டு விழும். வியர்வையைப் பருத்தித் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. திருநீறு கலைஞ்சா பாட்டி எழுந்து போயிடுவாங்க, நியாயம்தான்.

50 எம்.எம். லென்ஸ்னா 5 அடி தூரம். அவங்க உட்கார்ந்தா நீங்களும் உட்காருங்க. மேலேர்ந்து எடுத்தா கெஞ்சுற மாதிரி வரும்.

2020-ல வரைஞ்ச சுவரோவியங்கள் முன்னாடி நிறுத்த எல்லாருக்கும் ஆசை. வெயில் பட்ட மஞ்சள் சுவருக்கு 2 அடியில நின்னா கன்னம் மஞ்சளாயிடும். 6 அடி தள்ளி நிறுத்துங்க.

[காட்சி: தமிழில் அச்சிட்ட ஒப்புதல் தாள்]

எடுக்கலாமாங்கிறது ஒரு கேள்வி, வெளியில காட்டலாமாங்கிறது வேற கேள்வி. தனித்தனியா கேளுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு முழுசா வாசிச்சுக் காட்டுங்க. திருநங்கைன்னா அவங்க சொல்ற பேரைத்தான் போடணும், ஆதார்ல இருக்கற பேரை இல்ல. 18 வயசுக்குக் கீழேன்னா பெத்தவங்க கையெழுத்து வேணும். காப்பகத்துக் குழந்தைங்களை அடையாளம் காட்டுற எதையும் வெளியிட, 2015 சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவு தடை போடுது. ஃபோன்ல எடுத்தா லொகேஷனையும் பியூட்டி மோடையும் அணைச்சிடுங்க.

[காட்சி: ஃபோட்டோ பிரிண்ட் போடுற லேப் கவுண்டர்]

ஆளுக்கு ஒரு 5-க்கு 7 அங்குல மேட் (பளபளப்பில்லாத) பிரிண்ட், ஒரே வாரத்துல கையில கொடுக்கணும். இங்கதான் பட்ட பாடு வீணாகும்: லேப் மெஷின் தானா வெளிச்சத்தையும் கலரையும் மாத்திடும், அப்புறம் பாட்டி முகமும் பேத்தி முகமும் ஒரே சாம்பல். கவர் மேலேயே “கரெக்‌ஷன் வேண்டாம்”னு எழுதிக் கொடுத்து, முதல்ல ஒரே ஒரு பிரிண்ட் போடச் சொல்லி வெயில்ல பாருங்க.