குதிரை ஏற்றும் வண்டி: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வணக்கம். உதகையிலிருந்து பேசுகிறேன். பின்னால் லாயத்தில் நிற்கும் செவலையும் கறுப்பியும்தான் இன்றைய கணக்குக்குக் காரணம். இவற்றை மலையிலிருந்து இறக்கவும் ஏற்றவும் சொந்தமாக ஒரு சிறிய வண்டி வாங்கிவிடலாமா, இதுவரை செய்ததுபோல வாடகைக்கே எடுக்கலாமா என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். நானும் இரண்டு மாதங்களாக இதே கேள்வியோடு கணக்கு நோட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எத்தனை நடை என்று பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் இரண்டையும் மேட்டுப்பாளையத்தில் உறவினர் தோட்டத்துக்கு இறக்குகிறேன். மழை விட்டதும் ஏற்றுகிறேன். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குச் செவலையை மட்டும் கொண்டுபோய்த் திரும்புகிறேன். மருத்துவத்துக்காக ஒருமுறை போய்வருவது தவிர்க்க முடியாததாகிவிட்டது. ஒரு வண்டியில் ஒரு குதிரை, போவது ஒரு நடை, வருவது ஒரு நடை என்று வைத்தால், எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எட்டு நடை.

ஏன் ஒரு குதிரைதான் என்று கேட்பீர்கள். 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகன விதிப்படி, கால்நடை ஏற்றும் வண்டியில் நிலையான தடுப்புகள் இருக்க வேண்டும். குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 24 சதுர அடி இடம் வேண்டும். நான் பார்த்து வைத்திருக்கும் பிக்கப் என்ற சிறு சரக்கு வண்டியின் தளம் எட்டடிக்கு ஐந்தரை அடி, மொத்தம் 44 சதுர அடி. இரண்டு குதிரைகளுக்கு நான்கு சதுர அடி குறைகிறது. அதற்கென்ன, நெருக்கி நிறுத்தினால் போயிற்று என்று சொல்பவர்கள், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறை குதிரையோடு பின்னால் நின்று பயணம் செய்து பார்க்கட்டும். முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஓர் உயிர் ஒவ்வொரு வளைவிலும் கால்களை அகற்றி ஊன்றித் தன்னைத் தாங்கிக்கொள்வதற்கு இடம் வேண்டும்.

வாடகையின் விலையைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப்பை எனக்கு 4,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். தடுப்பு வைத்து, முறையான உரிமம் பெற்ற வண்டி கோவையிலிருந்து ஏறி வர வேண்டும். சராசரியாக 9,000 ரூபாய் ஆகிறது. இரண்டாவதன் பாதிதானே முதலாவது என்று நானும் ஒருமுறை மயங்கினேன். வந்த வண்டியின் இரும்புத் தளத்தில் முட்டைக்கோஸ் இலைகள் நசுங்கி ஈரமாகக் கிடந்தன. சாக்கு விரித்துச் சமாளித்தோம். இரண்டாவது வளைவிலேயே கறுப்பி வழுக்கி முழங்காலில் விழுந்தாள். காயம் ஆற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் சுற்றுலா சீசன் நேரம். அன்றிலிருந்து 4,500 ரூபாய் வண்டியை நான் ஒப்பீட்டிலேயே சேர்ப்பதில்லை.

இனி, சொந்த வண்டி. பழைய பிக்கப் ஐந்தரை லட்சம். தடுப்பு, உயர்த்திய பக்கச் சட்டங்கள், ரப்பர் பாய், ஏறுபலகை எல்லாம் சேர்ந்து இன்னொரு 1,20,000 என்று பட்டறையில் சொன்னார்கள். ஆண்டுதோறும் விலை குறைவதற்கு 60,000, முடங்கும் பணத்துக்கு வட்டியாக 47,000, காப்பீடு, வரி, எஃப்சி எனும் தகுதிச் சான்று வகையில் 35,000, டயர், பிரேக், பராமரிப்புக்கு 25,000. கூட்டினால் 1,67,000 ரூபாய். வண்டி வாசலைத் தாண்டாமல் நின்றாலும் இந்தத் தொகை போய்விடும். எங்கள் ஊர் மூடுபனியில் நிற்கும் வண்டி ஓடும் வண்டியைவிட வேகமாகக் கெடுகிறது என்பது வேறு கதை: குதிரையின் சிறுநீர் பாய்க்கு அடியில் தேங்கி இரும்பைத் தின்னும், பலகையை உளுத்துப்போக வைக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய வண்டி வாங்குபவர்கள் பாயைத் தூக்கிவிட்டுத் தளத்தைக் குத்திப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் போய்வர நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். டீசலும் ஓட்டுநர் கூலியும் சேர்த்து 2,200 ரூபாய் என்று வைக்கிறேன். வாடகை 9,000இல் இதைக் கழித்தால், ஒவ்வொரு நடைக்கும் சொந்த வண்டியில் மிச்சமாவது 6,800. அந்த 1,67,000 ரூபாயை ஈடுகட்ட ஆண்டுக்கு 25 நடை ஓட வேண்டும். எனக்கு இருப்பதோ எட்டு.

மீதி நாட்களில் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றினால் என்ன என்று என் மைத்துனர் உடனே கேட்டார். முடியாது, மாமா. கால்நடைக்கென்று உரிமம் பெற்ற வண்டியில் வேறு சரக்கு ஏற்றக்கூடாது என்று அதே விதி சொல்கிறது. சிறு வண்டி வாங்கும் கணக்கை எங்கள் மலையில் குலைப்பது இந்த ஒரு வரிதான். தவணையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

பணத்தில் வராத ஒன்று, ஓட்டும் விதம். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் குதிரை ஏற்றிய வண்டிக்கு மணிக்கு 35 கிலோமீட்டரை உச்ச வேகமாக வைத்திருக்கின்றன. குதிரைகளின் தலை எதிரே வரும் வண்டிகளுக்கு விலகி இடப்பக்கம் நோக்கியிருக்க வேண்டும் என்றும், உடன் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. மலைப்பாதையில் வேகம் தானாகவே குறையும். கீழே இறங்கிச் சத்தியமங்கலம் சாலையைப் பிடித்ததும், அடுத்த வாடகைக்கு நேரமாகிவிட்டது என்று நினைக்கும் ஓட்டுநரை 35க்குள் பிடித்து வைப்பது என்னால் ஆகவில்லை. நெடுந்தூரம் தலையைத் தூக்கிக் கட்டியே வைத்திருந்தால் குதிரைக்கு நுரையீரல் நோய் வரும் என்பதால், நடுவில் நிறுத்தித் தலைக்கயிற்றைத் தளர்த்த வேண்டும். அதற்கும் வாடகை ஓட்டுநர் முகம் சுளிக்கிறார். சொந்த வண்டி மீது எனக்கு இருக்கும் ஆசை முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

எனவே, தனியாக வாங்கவில்லை. பக்கத்தில் குதிரை வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களின் நடைகளையும் சேர்த்தால் 24 வருகிறது, ஏறக்குறைய ஈடுகட்டும் எண்ணிக்கை. மூவரும் சேர்ந்து வாங்குவதென்று பேசி முடித்துவிட்டோம். ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் இழுபறியாக இருக்கிறது. பருவமழை பிடித்ததும் மூவருக்கும் ஒரே வாரத்தில் இறக்க வேண்டும், வண்டியோ ஒன்று. யார் முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்கிறார் எங்கள் மூவரில் பெரியவர். நோயுள்ள குதிரை முதலில் என்று எழுதி வைப்போம் என்கிறேன் நான். கறுப்பியின் முழங்காலை மனத்தில் வைத்துத்தான் நான் இப்படிச் சொல்வதாக அவர் சிரிக்கிறார்.