வீட்டைவிட்டு மொழியை வெளியேற்றியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணிச் சான்றோரே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தென் சைபீரியாவில் நலிந்துவரும் ககாஸ் மொழியைக் காக்க வல்லது வீடா, பள்ளியா? பள்ளியே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி தாலாட்டு, பாட்டி, அடுப்படி என்று வீட்டின் பெருமையை அடுக்கியபோது, எழுந்து அந்தப் பக்கமே போய் உட்கார்ந்துவிடலாமா என்று எனக்கே சபலம் தட்டியது. ஆனால் அந்த வீட்டைவிட்டு மொழியை வெளியேற்றியது யார் என்பதை மட்டும் அம்மையார் சொல்லவே இல்லை.

நான் சொல்கிறேன். யெனிசெய் ஆற்றின் மேற்பகுதியில், அபகான் நகரைச் சுற்றிய புல்வெளிகளில் பேசப்படும் துருக்கிய இனத்து மொழி இது. 1926 கணக்கெடுப்பின்போது அந்த வட்டாரத்து மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ககாசியர்கள். 1959இல் அவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான். செத்துக் குறைந்தார்களா என்றால் இல்லை. தலைக்கணக்கில் சற்றுக் கூடவே செய்திருந்தார்கள். சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் வெளியிலிருந்து வந்து குவிந்தவர்கள் அவர்களைச் சிறுபான்மை ஆக்கிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து வந்தது 1958ஆம் ஆண்டின் சோவியத் கல்விச் சீர்திருத்தம். பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோரே முடிவு செய்யலாமாம்! காதுக்கு இனிக்கிறது அல்லவா? கல்லூரி ரஷ்ய மொழியில், வேலை ரஷ்ய மொழியில், கடைத்தெரு ரஷ்ய மொழியில். எந்தத் தகப்பன் துணிந்து ககாஸ் வழிக் கல்வியைக் கேட்பான்? பள்ளி கைவிட்ட மொழியைத்தான் வீடும் கைவிட்டது. பிள்ளை பின்தங்கிவிடுமே என்று பயந்த தாய் வீட்டிலும் ரஷ்ய மொழிக்கு மாறினாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

அறிஞர் நிக்கொலாய் கத்தானவை எதிரணி சாட்சிக்கு அழைத்தது. 1862இல் ககாஸ் மண்ணில் பிறந்து, ரஷ்ய மொழியில் படித்து, கசான் பல்கலைக்கழகப் பேராசிரியரான துருக்கியவியல் மேதை. பள்ளியில் படிக்காத தாய்மொழியை அவர் மறந்தாரா என்று கேட்டார்கள். மறக்கவில்லைதான். அவர் வளர்ந்த புல்வெளியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மொழிதான் காதில் விழுந்தது. இன்றைக்கு அபகான் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு அந்தப் புல்வெளியை எங்கிருந்து கொண்டுவருவது?

இன்னொன்று. வீட்டு மொழி, வீட்டு மொழி என்கிறார்களே, வீட்டில் இருப்பது சகாய், கச்சா, கிசில் என்று ககாஸின் வெவ்வேறு வட்டார வழக்குகள். இந்த வழக்குகளைப் பேசும் எல்லோருக்கும் பொதுவான எழுத்து மொழி 1920களில் பாடப்புத்தகத்தோடு பிறந்தது. 1929இல் லத்தீன் எழுத்து, 1939இல் மறுபடியும் ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்து என்று அதிகாரிகள் பத்தாண்டுக்குள் பந்தாடியபோதும் அதைத் தாங்கிப் பிடித்தது வகுப்பறைதான்.

நடுவர் அவர்களே, அந்தக் கதை இப்போதும் தொடர்கிறது. ககாஸும் ரஷ்யமும் ஆட்சி மொழிகள் என்று, ரஷ்யாவுக்குள் அடங்கிய ககாசியா குடியரசு 1992இலேயே சட்டம் இயற்றியது. ஆனால் 2018இல் ரஷ்யக் கூட்டாட்சியின் கல்விச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி, தாய்மொழிப் பாடம் பெற்றோர் எழுதிக் கேட்டால்தான் உண்டு. முதல் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் அந்தக் காகிதத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். தாய்மொழிப் பாடம் எது என்று கேட்கும் இடத்தில் ரஷ்ய மொழியையும் எழுதலாம். சட்டமே அதற்கு வழிவிடுகிறது. பள்ளியை முடிக்கும்போது அந்தப் பிள்ளை எழுதப்போகும் அரசுப் பொதுத்தேர்வோ ரஷ்ய மொழியில் மட்டும்தான். தேர்வு ஒரு மொழியில், விருப்பம் இன்னொரு மொழியில் என்றால் பேனா எதை எழுதும்? தாய்மொழிப் பாடத்தைக் கட்டாயமாக்கினால் அது வெறுப்பை வளர்க்கும் என்றார் எதிரணி நண்பர். ஐயா, பொதுத்தேர்வின் கட்டாயம் உங்கள் கண்ணில் படவில்லையா?

வாரத்தில் சில பாடவேளை இலக்கணம் சொல்லிக்கொடுத்தால் மொழி பிழைத்துவிடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். அதனால்தான் பள்ளியை வலுப்படுத்தச் சொல்கிறேன், மூடச் சொல்லவில்லை. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் என்ன செய்தார்கள்? மொழி தெரிந்த மூத்தோரை மழலையர் பள்ளிக்கு அழைத்துவந்து, காலை முதல் மாலை வரை மாவோரியிலேயே குழந்தைகளோடு பழகவிட்டார்கள். வீட்டில் பேச ஆளில்லாத கிழவியின் பேச்சைக் கேட்க ஒரு வகுப்பே கிடைத்தது! அபகானில் கத்தானவ் பெயரால் ஒரு பல்கலைக்கழகமும், ககாஸ் பிள்ளைகளுக்கென உறைவிடப் பள்ளியும் இருக்கின்றன. அங்கே இதைச் செய்ய என்ன தடை?

2010 கணக்கெடுப்பின்படி ரஷ்யாவில் ககாசியர்கள் சுமார் 73,000 பேர். மொழி அறிந்தவர்கள் சுமார் 43,000 பேர். அந்த இடைவெளியில் நிற்பவர்களும் பெற்றோர் ஆகிறார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் எனக்கு ஒரே கேள்வி: ககாஸ் மொழியில் ஒரு வாக்கியம்கூடப் பேச வராத அந்தத் தாய், தன் மகளுக்கு அதை எந்த வீட்டில் கற்றுக்கொடுப்பாள்? நடுவர் அவர்களே, அவருடைய பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.